அத்தியாயம் 7: செருப்புக்குப் பொருந்தாத கால்

பின்சீட்டில் ஒரு கால் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது. ஜிஜோ அதற்கு சீட் பெல்ட் மாட்டியிருந்தான்.

"அது எதுக்குடா?" என்றாள் கோமதி.

"பெருமாட்டி ரோடு அப்படிக்கா. குழியில தூக்கிப்போட்டு உடைஞ்சா, இந்தக் காலுக்கு யாரு மாவுக்கட்டு போடுவா?"

கோமதிக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடியில் அந்தக் காலைப் பார்ப்பதும் பார்வையைத் திருப்பிக்கொள்வதுமாக வந்தாள். மயில்கழுத்து நீலம். கணுக்காலிலிருந்து வெள்ளிக் கோடுகளில் ஒரு பூங்கொத்து படர்ந்திருந்தது. பாதத்தில் மட்டும் தேய்ந்துபோன ரப்பர் செருப்பு. இதே கோலத்தில்தான் போடிமெட்டு வியூ பாயிண்டில், கம்பித் தடுப்பின் ஓரமாகக் கிடந்ததாம்.

கால் இந்துவுடையது. கல்லூரி நாளில் லாரி மோதி, வலது முழங்காலுக்குக் கீழே இழந்தவள். பிறகு, செயற்கைக் கால் கைகளை அவரவர் ரசனைக்கு அழகாகச் செய்து தரும் 'ஒயில்' என்ற நிறுவனத்தில் பங்குதாரர் ஆனாள். அளவும் பொருத்தமும் ஈஸ்வரன் பொறுப்பு. நிறமும் வடிவமும் இந்து பொறுப்பு. போன வாரம் வீட்டிலிருந்து காணாமல் போனாள். கால் மட்டும் மலையில் கிடைத்தது. கழற்றி வைத்துவிட்டுக் குதித்திருக்கிறாள் என்று அடிவாரத்துப் போலீஸ் முடிவு கட்டியது. பள்ளத்தில் தேடியும் உடல் கிடைக்கவில்லை. படம் பிடித்துக்கொண்டு காலை வீட்டாரிடமே கொடுத்துவிட்டார்கள். நாளைக்கு வீட்டில் காரியம்.

நம்பாதவர் ஒருவர்தான். இந்துவின் அண்ணன் செல்லத்துரை. பெருமாட்டியில் தேங்காய் வியாபாரி. நேற்று பாலக்காட்டுச் சித்தூரில் கோமதியின் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்தார். வந்ததும் முதல் வேலையாக ஒரு புரோக்கரோடு போனில் மலையாளத்தில் சண்டை போட்டார். அந்த வேகத்துக்கு அவள் உதவியாளன் ஜிஜோ எழுந்து நின்று கைதட்டாத குறை. போனை வைத்ததும் அதே வாய் கொங்குத் தமிழில் குழைந்தது.

"குதிச்சுட்டாள்ங்கறாங்க. எம்மனசு ஒப்பலீங்க. அந்தப் புள்ளை எங்க இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கறனுங்க."

காலையில் அவர் வீட்டுக்குப் போய்த்தான் இந்தக் காலை வாங்கி வந்தார்கள். மாலை போட்ட படத்தின் முன்னால் அம்மா கமலாத்தாள் உட்கார்ந்திருந்தார். கோமதியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்க வாயெடுத்தார். மகன் பக்கத்தில் வந்து நின்றதும் கையை விட்டுவிட்டார்.

ஒயில், தென்னந்தோப்புக்கு நடுவே இருந்த ஒரு பழைய நெல் குடோன். உள்ளே சுவர் முழுக்கக் கால்களும் கைகளும். பட்டுப்புடவைக் கரை ஓடும் ஒரு கால். புல்லட் டேங்க் மாதிரி கறுப்பும் பொன் கோடுமாக இன்னொன்று. கல்யாணப் பெண்ணுக்காக மருதாணி வரைந்த ஒரு கை. ஒரு லாரி டிரைவருக்குச் செய்த கெண்டைக்காலில் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதியிருந்தது.

"ரிவர்ஸ் எடுத்தா பாட்டு பாடுமாண்ணே?" என்றான் ஜிஜோ.

"கேட்டாருங்க. பேட்டரி வெக்க எடமில்லைன்னுட்டோம்." ஈஸ்வரன் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "காலை மறைக்கறதுக்குத்தானுங்க எல்லாரும் வருவாங்க. இந்து அவங்களை உக்கார வெச்சு, உங்களுக்கு என்ன புடிக்கும்னு கேப்பா. போறப்ப பேண்ட்டை மடிச்சு உட்டுக்கிட்டுப் போவாங்க."

கோமதி நீலக் காலை மேஜையில் வைத்தாள். ஈஸ்வரன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடி நின்றார்.

செருப்போடு காலை நிறுத்தி, கையை எடுத்தாள். கால் பின்பக்கமாகச் சாய்ந்தது. மறுபடி நிறுத்தினாள். மறுபடியும் சாய்ந்தது. கோமதி கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். அப்புறம் மேஜையில் கிடந்த ஒரு மரத்துண்டை எடுத்துக் குதிகாலுக்கு அடியில் கொடுத்தாள்.

கால் ஜம்மென்று நேராக நின்றது.

"இது குதிகால் உயர்ந்த செருப்புக்குச் செய்தது. இல்லையா?"

"ஆமாங்க." ஈஸ்வரன் இன்னும் திரும்பவில்லை. "இந்தப் பாதம் கணுக்கால்ல மடங்காதுங்க. எந்தச் செருப்புக்கு வெக்கறமோ, அந்த உசரத்துக்குத்தான் நிக்கும். இந்துகிட்ட ரெண்டு இருக்குது. தினப்படிக்குத் தட்டைக் கால். விசேஷத்துக்கும் போட்டோவுக்கும் இந்த ஹீல்ஸ் கால்."

"இதில் ரப்பர் செருப்பை மாட்டி நடந்தால்?"

"நாலு எட்டு வெக்கறதுக்குள்ள மல்லாக்க உழுவாங்க."

ஜிஜோ விசிலடித்தான். "அப்ப இந்தக் கால் நடந்து போகலை. ஏதோ வண்டியில ஏறிப் போயிருக்கு. டிக்கெட் எடுத்துச்சோ என்னமோ."

"கடைசியா இது எங்கே இருந்தது?"

"காணாமப் போறதுக்கு மொத நாள், படம் எடுக்கோணும்னு ஊட்டுக்கு எடுத்துட்டுப் போனாளுங்க."

கோமதி மனதுக்குள் அடுக்கிப் பார்த்தாள். தட்டைக் காலைப் போட்டுக்கொண்டு, ஹீல்ஸ் காலைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். செத்துவிட்டதாக எல்லோரும் நம்பட்டும் என்று ஒன்றைத் தடுப்போரம் வைத்துவிட்டு, இன்னொன்றில் நடந்து போய்விட்டாள்.

"இந்து உயிரோடு இருக்கிறாள்," என்றாள்.

ஈஸ்வரன் திரும்பினார். முதல் முறையாக அந்தக் காலைப் பார்த்தார். பாதத்தில் கண் போனதும் நெற்றி சுருங்கியது. "நெசமாவாங்க? ஆனா, இந்தச் செருப்பை..." என்று இழுத்தார்.

அதற்குள் ஜிஜோ கூவினான். "அக்கா, இந்தப் பூவைப் பாத்தியா? ஏலப்பூ! செடி ஆள் உசரத்துக்கு மேல வளரும். பூ மட்டும் காலடியில, மண்ணோட மண்ணாக் கிடக்கும். பாக்காதவன் உச்சியில வரைவான். இவ கணுக்கால்ல ஆரம்பிச்சிருக்கா. தென்னந்தோப்புப் பொண்ணுக்கு இது எப்படித் தெரியும்? யாரோ கூட்டிட்டுப் போய், குனிஞ்சு காட்டியிருக்கான்."

ஜிஜோ இடுக்கி எஸ்டேட்டில் பிறந்தவன். அந்த விஷயத்தில் அவன் சொல்வது சரியாக இருக்கும்.

ஈஸ்வரன் தயங்கினார். "பெர்சின்னு ஒரு தம்பி. தேயிலை ஃபேக்டரி மிஷின்ல கை போனவன். இப்ப அப்பாவோட ஏலத்தோட்டத்துல, போடிமெட்டுப் பக்கம்னு சொன்னான். கைக்கு அளவு குடுக்க வந்தானுங்க. ஒத்தைக் கைக்கு வாரா வாரம் வந்து அளவு குடுத்தான்."

"கை வாங்க வந்தவன், கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டான்," என்றான் ஜிஜோ.

போன் அடித்தது. செல்லத்துரை.

"எங்கீங்க மேடம் இருக்கறீங்க?"

"உங்க தங்கச்சி உயிரோட இருக்கலாம்னு நினைக்கறேன். போடிமெட்டுக்குக் கிளம்பறோம்."

"போடிமெட்டுல எந்த எடத்துலீங்க?"

எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. கடவுளே என்றுகூடச் சொல்லவில்லை. பாசம் அவசரப்படும் என்று கோமதி நினைத்துக்கொண்டாள். ஈஸ்வரன் பாதியில் விட்ட பேச்சும் அந்த அவசரத்தில் அப்படியே நின்றுபோயிற்று.

உடுமலை, மறையூர், மூணாறு, பூப்பாறை என்று ஏறி, போடிமெட்டுக்கு வந்தபோது பிற்பகல். செக்போஸ்ட்டை மூடியபடி மூடுபனி நின்றது. அதைத் தாண்டினால் தமிழ்நாடு. சாலை கொண்டை ஊசியாக வளைந்து போடிக்கு இறங்கும். வியூ பாயிண்ட் அந்தப் பக்கம். ஜோமோனின் டீக்கடை இந்தப் பக்கம்.

பூப்பாறை போகும் பஸ் ஒன்று கடை முன்னால் வந்து நின்று ஹாரன் அடித்தது. தொண்டை கட்டிய ஆடு கத்துவது மாதிரி இருந்தது.

"அதுக்கு ஒரு கஷாயம் போட்டுக் குடுங்க சேட்டா," என்றான் ஜிஜோ. தன் அப்பா கொழுந்து எடை போட்ட எஸ்டேட்டின் பெயரையும் சொன்னான். ஜோமோன் முகம் இளகியது. படத்தைக் காட்டியதும் தலையாட்டினார்.

"ஈ கொச்சுதானே? வந்தது. பெர்சியும் கூட உண்டு. சூசையப்பன் சேட்டனோட ஜீப்புல போச்சு. பெர்சியோட அப்பன். கோரம்பாறை ஏலத்தோட்டம். பூப்பாறை ரோட்டுல போயி இடது பக்கம் மண் ரோடு."

அவர் டீ ஆற்றப் போனார். போன் அடித்தது.

"எங்கீங்க மேடம்?"

"கண்டுபிடிச்சாச்சு. கோரம்பாறை ஏலத்தோட்டம். சூசையப்பன்னு ஒருத்தர் வீடு." சொல்லும்போது கோமதிக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"ரொம்ப நன்றிங்க." போன் கட்டானது.

ஜோமோன் டீயை வைத்தார். "அது சாகலைன்னு நான் அன்னைக்கே சொன்னேனே சேச்சி."

"யார்கிட்ட?"

"போலீஸ்கிட்ட. கால் கிடைச்ச அன்னைக்கு. கீழ இருந்து வந்தவங்களுக்கு மலையாளம் தெரியாது. அந்தக் கொச்சோட ஏட்டன்தான், அதோட அண்ணன்தான், கூட வந்து கேட்டாரு. மலையாளத்துல கேட்டாரு, மலையாளத்துல சொன்னேன். அவரு அதைத் தமிழாக்கி அவங்களுக்குச் சொன்னாரு. கடையில நல்ல தெரக்கு, ஒரே கூட்டம். நான் அடுப்புக்குப் போயிட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

"ஆ கொச்சு சாடிப்போயி."

கோமதியின் கை டம்ளரைத் தொட்ட இடத்திலேயே நின்றது.

ஜிஜோ மெதுவாகச் சொன்னான். "அக்கா, வெறும் சாடின்னா குதிச்சா. சாடிப்போயின்னா ஓடிப்போயிட்டா. எங்க பெரியம்மா மகளும் இப்படித்தான் சாடிப்போயி. இப்ப ரெண்டு பிள்ளைக. கிறிஸ்மஸுக்குக் கேக் குடுத்து விடுறா."

அடிவாரத்துப் போலீஸ்காரருக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்க நியாயமில்லை. பெருமாட்டியில் பிறந்து, மலையாளத்தில் படித்து, மலையாளத்தில் சண்டையும் போடுகிறவருக்கு?

"ஜீப் விஷயத்தை அவர்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல. அவரு முழியே எனக்குச் சரியா படலை."

"அந்தப் பொண்ணு கையில என்ன இருந்தது?"

"ஒரு சின்னப் பை. சோத்துப் பாத்திரம் கொள்ளுற அளவு."

அந்தப் பையில் ஒரு கால் கொள்ளாது. அப்படியானால் ஹீல்ஸ் கால் இந்துவோடு மலையேறவில்லை. வீட்டு அலமாரியில் இருந்திருக்கிறது. ஈஸ்வரன் பாதியில் விட்ட பேச்சு இப்போது தானாக முடிந்தது. இந்தச் செருப்பை இந்து மாட்டியிருக்க மாட்டாளுங்க. ஊரில் உள்ளவர்களின் காலுக்கெல்லாம் செருப்பு பார்த்துப் பாதம் அமைத்தவள். மாட்டியது, காலைப் பற்றி எதுவும் தெரியாத, ஆனால் அலமாரிச் சாவி கையில் இருந்த ஓர் ஆள்.

வீட்டை விட்டு ஓடிப்போனவள் என்ற பேச்சு ஊரில் எழாமல் போயிற்று. ஊருக்கு இந்து செத்தாயிற்று. போலீஸுக்கும் செத்தாயிற்று. நாளைக்குக் காரியமும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு அவளுக்கு என்ன நடந்தாலும் தேட யாரும் வரமாட்டார்கள். போடிமெட்டுப் பக்கம் என்பதற்கு மேல், இடம் மட்டும்தான் அவருக்குத் தெரியாமல் இருந்தது.

"அந்த இடத்தை நான்தான்டா சொல்லிக் குடுத்தேன்."

ஜிஜோவிடம் வேடிக்கைப் பேச்சு எதுவும் இல்லை. "அவரு இப்ப எங்க இருக்காருக்கா?"

வெளியே பஸ் உறுமிக்கொண்டு பூப்பாறைப் பக்கம் கிளம்பியது. கோமதி எண்ணை அழுத்தினாள்.

"எங்கே இருக்கறீங்க?" இந்த முறை கேட்டது அவள்.

"ஊட்டுலதானுங்க. காரிய வேலை கெடக்குதுங்களே."

"நாங்க தேடினது தப்பாயிருச்சு போலிருக்கு. பள்ளத்துல ஒரு பொண்ணு உடல் கிடைச்சிருக்குன்னு இங்கே சொல்றாங்க."

அவர் கேட்டார்.

"கால் போட்டிருக்குதுங்களா?"

காலைக் கழற்றி வைத்துவிட்டுக் குதித்தவள் என்று ஊரே நம்பும் பெண். அந்தக் கால் இப்போது கோமதியின் காரில் இருக்கிறது. அவளுக்கு இன்னொரு கால் மாட்டியிருக்கும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

கோமதி பதில் சொல்வதற்குள், போனுக்குள்ளே ஓர் ஆடு கத்தியது. தொண்டை கட்டிய ஆடு.

அதே பஸ். பூப்பாறை ரோட்டில். அவர் வீட்டில் இல்லை. காலையிலிருந்தே பின்னால் வந்திருக்கிறார். கோரம்பாறைக்கு அவர்களைவிடப் பக்கத்தில் நிற்கிறார்.

போனை மறுமுனை வெட்டியது.

"சேட்டா! சூசையப்பன் நம்பர் இருக்கா?"

இருந்தது. ஆனால் மூடுபனி நாளில் தோட்டத்துக்குள் சிக்னல் நிற்காது. இரண்டு தடவை அடித்து அறுந்தது. மூன்றாவது தடவை எடுத்தார்கள்; வார்த்தைகள் துண்டு துண்டாக விழுந்தன. ஜோமோன் கோமதியின் போனோடு கடை வாசலுக்கு ஓடி, ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, அண்ணன் வருகிறான், அவளை ஓடிவிடச் சொல் என்று மலையாளத்தில் கத்தினார்.

"சூசை சேட்டா! ஏட்டன் வருந்நுண்டு! ஆ கொச்சினோடு சாடிக்கோளான் பற! சாடிக்கோளான்!"

"நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகச் சொல்லுங்க!" கோமதியும் கத்தினாள். பொது இடத்தில் அவள் கத்தியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். "பூப்பாறை ரோட்டுக்கு வர வேண்டாம். வேற வழியாப் போகட்டும். போய் உட்கார்ந்து தன் பேரைச் சொல்லட்டும். உயிரோட இருக்கான்னு நாலு பேர் பாக்கணும்!"

லைன் அறுந்தது. எந்த வார்த்தை போய்ச் சேர்ந்தது, எது மலையில் விழுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஜிஜோ கார் ஓட்டிய விதத்தில் பின்சீட்டுக் காலுக்கு பெல்ட் தேவைப்பட்டது. மண் ரோடு, ஏலச்செடிகளின் நிழல், ஈரம். தகரக் கூரை வீட்டு வாசலில் செல்லத்துரையின் ஜீப் நின்றது. முன்சீட்டில் ஒரு கொடுவாள் கிடந்தது. தேங்காய் வியாபாரியின் வண்டியில் கொடுவாள் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அது பின்னால் சாக்குகளோடு கிடக்க வேண்டிய பொருள்.

செல்லத்துரை முற்றத்தில் நின்றார். எதிரில், வாசல்படியை அடைத்துக்கொண்டு பெர்சியின் அம்மா கத்தரீனாள். கையில் துடைப்பம். கொடியில் நீலச் சுடிதார் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

"உள்ள வேணும்னா பாத்துக்கோங்க தம்பி," என்றார் கத்தரீனாள். "அவ சாடிப்போயிட்டா."

ஜிஜோ காரிலிருந்து இறங்கி, செல்லத்துரையின் பக்கத்தில் போய் நின்றான். "அண்ணே, எங்களுக்காகக் கொஞ்சம் தமிழ்ல சொல்லுங்களேன். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?"

அவர் அவனைப் பார்க்கவில்லை. கோமதியைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் அவளுக்குப் பயம் குறைந்திருக்கும்.

"நாளைக்கு ஊரு, ஒறம்பரை எல்லாம் வருதுங்க," என்றார், சாதாரணமாக. "சோறு ஆக்க ஆள் சொல்லியாச்சு. செத்தவளை எப்படீங்க திருப்பிக் கூட்டிட்டுப் போறது?"

கோமதி கார்க் கதவைத் திறந்து, பெல்ட்டை அவிழ்த்து, நீலக் காலைத் தூக்கி அவரிடம் காட்டினாள்.

"இதை நான் போலீஸ்ல குடுக்கப் போறேன். செருப்போட."

அவர் செருப்பைப் பார்த்தார். அதில் என்ன தப்பு என்று அவருக்கு அப்போதும் புரியவில்லை. ஜீப் கிளம்பிப் போனது.

வெகுநேரம் கழித்து, பூப்பாறையில் சிக்னல் கிடைத்தபோது, கோமதியின் போனில் பெர்சியிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது. ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறோம். பெயர் சொல்லிவிட்டாள்.

ஜிஜோ ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டான். கோமதி ஸ்டேஷனுக்கு வழி பார்க்கச் சொன்னாள். அப்போது ஈஸ்வரனின் எண்ணிலிருந்து போன் வந்தது. பேசியது அவர் இல்லை.

"நான் இந்துவோட அம்மாங்க." கமலாத்தாள். பக்கத்தில் யாரும் கேட்டுவிடக் கூடாது என்ற குரல். "ஈஸ்வரன் சொன்னாருங்க, உசுரோட இருக்கறாள்னு."

"ஆமாம்மா. அவ இப்ப..."

"எங்கன்னு சொல்லிப்போடாதீங்க!" அந்த மெல்லிய குரல் அவசரமாகக் குறுக்கிட்டது. "எனக்குத் தெரிஞ்சா எம்மூஞ்சியே அவங்கிட்டக் காட்டிக் குடுத்துரும். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எந்தக் காலு போட்டிருக்கறா?"

"தட்டைக் காலும்மா."

மறுமுனையில் தென்னை ஓலைச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெருமூச்சு.

"அப்ப ஓடிருவா," என்றார் கமலாத்தாள்.